கோகுலன் தம்பியின் பெட்டியும் வெறுங்கை வள்ளங்களும்

எங்கள் மீன்பிடிச் சங்கத்தில் ஒரு புதுச் சட்டம் வந்தது. வேலை செய்கிற எல்லாரும் காலையில் கம்பியூட்டரில் தங்கள் பெயரை அடித்து வரவு போட வேண்டும். நான் அங்கே தேத்தண்ணி போடுகிறவள். கூட்டித் துடைக்கிறதும் நான்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அந்தப் பொத்தான்களில் கிடக்கிற இங்கிலீசு எழுத்துகள் எனக்கு எறும்பு ஊருகிற மாதிரி. முதல் நாள் அந்த மேசைக்கு முன்னால் போய் நின்றேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள். கூட்டுகிற தும்புத்தடியை மறந்து வந்தவள் போலப் பாவனை பண்ணிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அடுத்த நாள் பார்க்கிறேன், கம்பியூட்டர்த் திரையின் மூலையில் ஒரு சின்னத் தேத்தண்ணிக் கோப்பைப் படம். அதன் கீழே தமிழில் என் பெயர், செபஸ்தியம்மா. விரலால் ஒருக்கால் தொட்டேன். "வணக்கம்" என்று வந்தது. அவ்வளவுதான், வரவு போட்டாயிற்று. மற்ற ஆட்கள் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்தார்கள். கம்பியூட்டர் வேலைக்கு வந்து அங்காலே கதிரையில் இருந்த கோகுலன் தம்பியைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நேற்றுத் தேத்தண்ணிக்குச் சீனி காணாது," என்றார். வேறு ஒரு கதையும் இல்லை. அதற்குப் பிறகும் அதைப்பற்றி அவர் ஒரு நாளும் கதைத்ததில்லை.

கோகுலன் கோப்பாய்ப் பிள்ளை. வெங்காயமும் மரவள்ளியும் போடுகிற தோட்டக்காரக் குடும்பம். சைவ ஆட்கள். நெற்றியில் திருநீறு இல்லாமல் வரமாட்டார். ஒரு பழைய மோட்டார் சைக்கிளில், சில்லில் தோட்டத்துச் செம்மண்ணோடு, எங்கள் குருநகர்க் கரைக்கு வருவார். எங்கள் சங்கத்துக் கம்பியூட்டர்களை எல்லாம் ஒன்றாக்குகிற வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய பொத்தான் ஏதும் அமத்துவதற்கு முன்னால் கண்ணை மூடி ஒரு நிமிடம் இருப்பார். எங்கள் தலைவர் சிமியோன் அண்ணை அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் பகிடி விட்டார்.

"என்ன தம்பி, உன்ரை முருகனுக்குக் கம்பியூட்டர் தெரியுமோ?"

"அவருக்குத் தெரியுமோ தெரியாது அண்ணை. எனக்கு முழுக்கத் தெரியாது எண்டு அவருக்குத் தெரியும்."

சிமியோன் அண்ணை அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமைகளில் கோகுலன் தம்பி மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் தொடமாட்டார். அதனால் அவருக்கென்று ஒரு கோப்பையைத் தனியாகக் கழுவி அலுமாரியில் வைத்திருந்தேன். கண்டுபிடித்துவிட்டார்.

"உதேன் அக்கா தனிக் கோப்பை?"

"விரதக்காரருக்கு மீன் மணக்கக்கூடாதெல்லோ."

"இந்தக் கட்டடமே மீன் மணம். அம்மா என்னைக் கிணத்தடியிலை நிப்பாட்டி, வாளியாலை ஊத்தித்தான் வீட்டுக்குள்ளை எடுக்கிறா. நீங்கள் கோப்பையைக் கழுவி என்ன செய்யிறது?"

எங்கள் சங்கத்தில் மூன்று இடங்கள். மண்ணெண்ணெய் கொடுக்கிற அறை, ஐஸ் அறை, மீன் நிறுக்கிற கொட்டில். கடலுக்குப் போகிற வள்ளம் விடிய முதல் எண்ணெயும் ஐஸும் எடுத்துக்கொண்டு போகும். திரும்பி வந்தால் மீனைக் கொட்டிலில் நிறுக்கும். மூன்று இடத்திலும் மூன்று கம்பியூட்டர். ஒன்றுக்கு மற்றது தெரியாது. முன்னர் எண்ணெய் அறையில் நிற்கிற நிருஷன்தான் பின்னேரம் ஒவ்வொன்றிலும் உள்ளதை கம்பியூட்டரில் செருகுகிற ஒரு சின்னத் துண்டுக்குள் ஏற்றி, சட்டைப் பையில் போட்டு, அலுவலகத்துக்குக் கொண்டுவருவான். அது முதல்நாள் சோற்றைச் சுடவைத்துச் சாப்பிடுகிற மாதிரி. அலுவலகத்துக்குத் தெரிவது எப்போதும் பழசு.

கோகுலன் தம்பி வந்து அலுவலகத்தில் ஒரு பெட்டி வைத்தார். அவர் அதை டேட்டாபேஸ் என்பார். நாங்கள் பெட்டி என்போம். மூன்று அறையில் இருந்தும் வயர் இழுத்தார். எண்ணெய் எடுத்தவுடனே பெட்டிக்குத் தெரியும், வள்ளம் போய்விட்டது என்று. மீன் நிறுத்தவுடனே தெரியும், வந்துவிட்டது என்று. அலுவலகச் சுவரில் பெரிய திரை ஒன்று மாட்டினார். ஒவ்வொரு வள்ளத்தின் பெயரும் அதில் இருக்கும். கடலில் நின்றால் சிவப்பு, கரைக்கு வந்தால் பச்சை.

அந்தத் திரையை ஆரும் பார்த்தார்களோ இல்லையோ, ஜெசிதா பார்ப்பாள். கொட்டிலில் மீன் நிறுக்கிற பிள்ளை. புருசன் றஞ்சித் கடலுக்குப் போகிறவன். கலியாணம் முடித்துக் கனகாலம் இல்லை. அவளுடைய தகப்பனை முன்பு ஒருநாள் கடல் கொண்டுபோனது. வேலை முடிந்தவுடன் என் தேத்தண்ணி அறைக்கு வந்து, யன்னலால் எட்டித் திரையைப் பார்ப்பாள். றஞ்சித்தின் வள்ளம் பச்சையானால்தான் கோப்பையைக் கையில் எடுப்பாள்.

கோகுலன் தம்பி இதைக் கவனித்திருந்தார். ஒரு நாள் என்னிடம் சொன்னார்:

"அக்கா, எண்ணெயும் ஐஸும் எவ்வளவு போனது எண்டதிலை பிழை வந்தால் திருத்தலாம். உந்தச் சிவப்பும் பச்சையும் பொய் சொல்லக்கூடாது. அந்தப் பிள்ளை அதை நம்பித்தான் தேத்தண்ணி குடிக்குது."

ஆனால் எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. அது கோப்பாயில் பிறந்தவருக்குத் தெரியாது. மீன் படாமல் வெறுங்கையோடு திரும்புகிறவன் கொட்டில் பக்கம் வரமாட்டான். வள்ளத்தை இழுத்துவிட்டு, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒழுங்கையால் வீட்டுக்குப் போய்விடுவான். எதிரில் வருகிறவர்களும் "என்ன பட்டது?" என்று கேட்கமாட்டார்கள். அது எங்கள் மரியாதை. கொட்டிலுக்கு வராவிட்டால் நிறுவை இல்லை. நிறுவை இல்லாவிட்டால் பெட்டிக்குத் தெரியாது. ஆள் வீட்டில் படுத்திருப்பான், திரையில் வள்ளம் சிவப்பாய் நிற்கும். அடுத்த நாள் விடிய எண்ணெய்க்கு வந்தால் கம்பியூட்டர் மறிக்கும். கடலில் நிற்கிற வள்ளத்துக்கு எப்படி எண்ணெய் கொடுப்பது என்று அதற்கு நியாயம்.

விடியப்புறம் வரிசையில் ஆட்கள் சத்தம் போடுவார்கள். நிருஷன் கோப்பாய்க்கு ஃபோன் எடுப்பான். கோகுலன் தம்பி நித்திரையால் எழும்பி, வீட்டிலிருந்து அதைத் திருத்திக் கொடுப்பார். இப்படியே போய்க்கொண்டிருக்க, நிருஷன் கெஞ்சினான்.

"அண்ணை, பெட்டிக்குள்ளை நேரை போற திறப்பை எனக்குத் தாங்கோவன். நானே மாத்திவிடுறன். உங்களுக்கும் நித்திரை, எனக்கும் நிம்மதி."

திறப்பு என்றால் இரும்புச் சாவி இல்லை. அடிக்கிற ஒரு சொல். கோகுலன் தம்பி யோசித்தார். பிறகு கொடுத்தார். நிருஷன் ஐஸ் அறைக்காரனுக்குக் கொடுத்தான். அவன் கொட்டிலுக்குக் கொடுத்தான். எல்லாரும் சொந்தக்காரர். பக்கத்து வீட்டுக்குப் படலைத் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகிற சனம். இதில் பிழை என்ன என்று ஒருவருக்கும் படவில்லை.

கோகுலன் தம்பிக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னார்:

"பெட்டிக்கு முன்வாசல் ஒண்டு வைச்சனான் அக்கா. எண்ணெய் அறை, ஐஸ் அறை எல்லாம் முன்வாசலாலை வந்து, இன்னது வேணுமெண்டு கேட்டு வாங்கவேணும். நான் இப்ப எல்லாருக்கும் பின்வாசலைத் திறந்து விட்டிட்டன். ஒரு நாளைக்குச் சரிப்பண்ணவேணும்."

அந்த ஒரு நாளைக்கு முன்னர் வேறொரு நாள் வந்துவிட்டது.

வாடைக் காற்று தொடங்கியிருந்த காலம். காலையில் அமைதியாய் இருந்த கடல் பிறகு கறுத்துப்போனது. வள்ளங்கள் நேரத்தோடு கரைக்கு வந்தன. றஞ்சித் கொட்டிலுக்கு வரவில்லை. ஜெசிதா வேலை முடித்து வந்து, என் யன்னலால் எட்டிப் பார்த்தாள். பச்சை.

"வெறுங்கை போலை அக்கா," என்று மெல்லச் சொல்லிவிட்டு, அன்று தேத்தண்ணியும் குடிக்காமல் வீட்டுக்கு ஓடினாள். முகம் வாடி வந்திருப்பான், ஒன்றும் கேட்கக்கூடாது, சுடச்சுடப் பிட்டு அவிப்பம் என்று மாவைக் குழைத்தாளாம். பிட்டு அவிந்தது. ஆள் வரவில்லை. கரைக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். வள்ளம் இழுத்து வைக்கிற இடம் வெறுமையாய்க் கிடந்தது.

மாக் கையோடேயே அலுவலகத்துக்கு ஓடி வந்தாள். சிமியோன் அண்ணை திரையைக் காட்டினார்.

"பச்சையாக் கிடக்குப் பிள்ளை. வந்திட்டான். எங்கையாவது சந்தியிலை நிண்டு கதைச்சுக்கொண்டு நிப்பான்."

"வள்ளமும் சந்தியிலை நிண்டு கதைக்குமே அண்ணை?"

கோகுலன் தம்பி கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"உதைப் பச்சையாக்கினது ஆர்?" என்று கேட்டார்.

நிருஷன் என் அறையில்தான் நின்றான். கையில் பாதி தின்ற வாய்ப்பன். "நான்தான் அண்ணை," என்றான், ஒன்றும் விளங்காமல். "மத்தியானம் எண்ணெய் அறை பூட்டேக்கை மிச்சம் நிக்கிற சிவப்பை எல்லாம் பச்சையாக்கிப்போட்டுத்தான் போறனான். ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான். வெறுங்கையோடை வந்தவை தானே. பாவங்கள், விடிய வந்து மறிபட்டு நிக்கக்கூடாதெண்டு..."

சொல்லச் சொல்ல அவனுக்கே விளங்கிவிட்டது. வாய்ப்பனைக் கீழே வைத்தான்.

சிமியோன் அண்ணை மேசைக்குப் பாய்ந்தார். ஃபோனை எடுத்தார். அறிவிக்க வேண்டிய இடங்களுக்கு அறிவித்தார். எஞ்சின் பலமுள்ள வள்ளங்கள் புறப்பட்டன. நிருஷன் முதல் வள்ளத்திலேயே ஏறிவிட்டான். அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, சத்தி எடுப்பான், அதனால்தான் எண்ணெய் அறையில் வேலை பார்க்கிறவன்.

நாங்கள் கரையில் நின்றோம். வாடை இழுத்துக்கொண்டு போனால் தீவுகளைத் தாண்டி வெளிக்கடல்தான். பொழுது சாய்கிறதற்குள் காணாவிட்டால் என்ன என்பதை ஒருவரும் சொல்லவில்லை. நான் செபமாலையை எடுத்தேன். ஜெசிதா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோகுலன் தம்பி சப்பாத்தோடேயே தண்ணீருக்குள் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, உங்கடை மாதாவிட்டை நானும் கேக்கலாமோ?"

"கேளுங்கோ தம்பி. அவவிட்டை முன்வாசல் பின்வாசல் எண்டு இல்லை."

அவர் கைகளை நெஞ்சுக்கு நேரே கூப்பினார், கோப்பாய்ப் பிள்ளையாரைக் கும்பிடுகிற மாதிரியே.

கடவுள் இரங்கினார். வெயில் மஞ்சளாகிக்கொண்டு போக, தூரத்தில் வள்ளங்கள் ஒன்றின் பின் ஒன்றாகத் தெரிந்தன. கடைசியாய்க் கயிற்றில் கட்டி இழுபட்டு வந்தது றஞ்சித்தின் வள்ளம். மண்டைதீவுக்கு அங்காலே கண்டிருக்கிறார்கள். எஞ்சின் நின்றுபோனது, நங்கூரக் கயிறும் அறுந்தது, ஃபோன் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. ஆள் நடுங்கிக்கொண்டு இறங்கினான்.

"நான் வரேல்லை எண்டால் தேடுவியள் எண்டுதான் இருந்தனான்," என்றான். "ஏன் இவ்வளவு நேரம்?"

ஜெசிதாதான் பேசினாள். "பிட்டு ஆறிப்போச்சு," என்று அவன் முதுகில் ஒரு அடி போட்டாள். பிறகுதான் அழுதாள்.

கோகுலன் தம்பி அன்று வீட்டுக்குப் போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. அதுதான் முதல் தடவை.

அடுத்த கூட்டத்தில் நிருஷன் வேலையை விடுகிறேன் என்று எழும்பினான். கோகுலன் தம்பி அவனைக் கையால் இருத்தினார். "அவன் இரக்கத்திலை செய்தவன். நான் நித்திரைக்கு ஆசைப்பட்டுத் திறப்பைக் குடுத்தனான். பெரிய பிழை என்ரைதான்," என்றார். இனி ஒருவருக்கும் பின்வாசல் திறப்புக் கிடையாது, எல்லாம் நடுவில் நிற்கிற ஒரு புரோகிராமைக் கேட்டுத்தான் நடக்கும் என்றும் சொன்னார். சனம் கொதித்தது.

"அப்ப எங்களை நம்பேல்லையோ?" என்று ஐஸ் அறைக்காரன் கத்தினான்.

கோகுலன் தம்பி சுற்றிப் பார்த்தார். தேத்தண்ணித் தட்டோடு நின்ற என்னைக் கண்டுவிட்டார்.

"செபஸ்தியம்மா அக்கா சீனிப் பேணியை எங்கை வைச்சிருக்கிறா?"

"அலுமாரிக்குள்ளை," என்றார்கள்.

"முந்தி?"

"மேசையிலை. ஆளாளுக்கு ஈரக் கரண்டியை விட்டு, ஒரே கட்டியும் எறும்பும்."

"இப்ப?"

"கேட்டால் போட்டுத் தருவா."

"அக்கா உங்களைக் கள்ளர் எண்டோ நினைக்கிறா? நீங்கள் நல்ல ஆக்கள். உங்கடை கரண்டிதான் ஈரம். அவ்வளவுதான் நான் சொல்லுறதும். எண்ணெய் அறை எண்ணெயைப்பற்றிக் கேக்கலாம். வள்ளம் வந்ததெண்டு எழுத அதாலை ஏலாது. ஐஸ் அறை ஐஸைப்பற்றி. வந்ததெண்டு சொல்லுறது, வந்ததைக் கண்ணாலை கண்ட இடம் மட்டும்."

"அப்ப தலைவர் எனக்கு?" என்று சிமியோன் அண்ணை கேட்டார்.

"நீங்கள் எல்லாத்தையும் பாக்கலாம் அண்ணை. ஒண்டையும் மாத்த ஏலாது."

"இது எங்கடை வீட்டு நிலைமை மாதிரியெல்லோ கிடக்கு!"

கூட்டம் சிரித்துவிட்டது. அதோடு விசயம் முடிந்தது.

ஆனால் வெறுங்கை வள்ளங்கள்? கொட்டிலில் "வந்தது, மீன் இல்லை" என்று ஒரு பொத்தான் வைத்துப் பார்த்தார். ஒருவரும் போய்ச் சொல்லவில்லை. நிறுவைத் தராசுக்கு முன்னால் நின்று, எனக்கு ஒன்றும் படவில்லை என்று ஆர் சொல்லுவான்? பழையபடி விடிய வரிசையில் சண்டை.

ஒரு நாள் என் அறையில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது அவர் பார்த்திருக்கிறார். வெறுங்கையோடு வந்தவன் ஒருவன் பின்பக்க யன்னலால் கையை நீட்டினான். நான் பிளேன்ரீ கொடுத்தேன். குடித்துவிட்டுப் பேசாமல் போனான்.

"அக்கா, உவையள் எல்லாரும் இஞ்சை வருவினமோ?"

"குளிரிலை வந்தவை தேத்தண்ணி குடியாமல் போவினமே தம்பி? பின்பக்கத்தாலை வந்து குடிச்சிட்டுப் போவினம்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு தன் கதையை எனக்குச் சொன்னார். படிப்பு முடிந்தவுடன் கொழும்பில் ஒரு வேலைக்குப் போனவராம். சரிவரவில்லை, அனுப்பிவிட்டார்கள். கோப்பாயில் பஸ்ஸால் இறங்கி, சந்தியால் போக வெட்கப்பட்டு, தோட்டத்துப் பின் ஒழுங்கையால் வீட்டுக்குப் போனாராம். தாய்க்காரி அடுக்களையில் நின்று, இவர் கொழும்பிலே இருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாவாம். இவர் மதிலுக்கு இங்காலே நின்று அதைக் கேட்டுக்கொண்டு நின்றாராம்.

"வந்தவன் வந்திட்டன் எண்டு சொல்ல ஒரு இடம் வேணும் அக்கா. என்ன கொண்டுவந்தனி எண்டு கேக்காத இடம்," என்றார்.

அடுத்த கிழமை ஒரு சின்ன ஃபோனைக் கொண்டுவந்து என் யன்னலடியில் வைத்தார். கரை முழுக்க நடந்து ஒவ்வொரு வள்ளத்தையும் படம் எடுத்து அதற்குள் போட்டிருந்தார். எழுத்து இல்லை, படம் மட்டும். ஆள் வந்து தேத்தண்ணி வாங்கினால், நான் அவன் வள்ளத்தின் படத்தைத் தொடுவேன். சுவரில் பச்சையாகும். அந்த ஃபோனுக்கு அந்த ஒரு வேலைதான். வேறொன்றைக் கேட்டாலும் நடுவில் நிற்கிற புரோகிராம் கொடுக்காது. நானும் வந்தவர்களிடம் ஒன்றும் கேட்பதில்லை. கோப்பையை நீட்டுகிற நேரத்தில் மற்றக் கையால் அமத்திவிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. விடியப்புறச் சண்டை நின்றுவிட்டது. ஜெசிதா இப்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள். பச்சையானால் கோப்பையை எடுக்கிறாள்.

இந்த வருசம் கோகுலன் தம்பிக்குக் கொழும்பில் ஒரு பெரிய கம்பனியில் வேலை கிடைத்தது. இப்படிப்பட்ட பெட்டிகளைப் பார்க்கிற வேலைதானாம். கொஞ்சக் காலம் வைத்துப் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்களாம். கடைசி நாள் தோட்டத்துக் கத்தரிக்காய் ஒரு பை நிறையக் கொண்டுவந்து தந்தார். வெள்ளிக்கிழமை. அலுமாரியில் இருந்து அவர் கோப்பையை எடுத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். ஜெசிதா பனங்கட்டிக் குட்டான் ஒன்று கொடுத்தாள். நிருஷன் அவருடைய மோட்டார் சைக்கிளை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

சுவர்த் திரையில் ஒரு சிவப்பு நின்றது. அது பச்சையாகும்வரை அவர் எழும்பவில்லை. பின்பக்க யன்னலால் ஒரு கை நீண்டது, தேத்தண்ணி கொடுத்தேன், ஃபோனில் படத்தைத் தொட்டேன். அப்போதுதான் கண்டேன். வள்ளங்கள் எல்லாம் முடிகிற இடத்தில், கடைசியில், ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் படம். சில்லில் செம்மண்.

"இதென்ன தம்பி?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். நான் அவர் திருநீறு அழியாமல் பக்கத்தில் ஒரு சிலுவை அடையாளம் போட்டுவிட்டேன். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, தலைக்கவசத்தைக் கையில் எடுத்தபடி சொன்னார்:

"போயிட்டு வாறன் அக்கா. வெறுங்கையோடை வந்தாலும் இனிப் பின் ஒழுங்கையாலை போகமாட்டன். நேரை உங்கடை யன்னலடிக்குத்தான் வருவன். நீங்கள் ஒண்டும் கேக்காமல் தேத்தண்ணியைத் தந்துபோட்டு, அதை அமத்திவிடுங்கோ."